மலைமேல் யாரும் எதையும் பார்ப்பதில்லை

தண்ணீர் லாரி ஓட்டுகிறவளுக்குக் கண் இருக்கக் கூடாது. ஆல்டர் க்ரீக்கிலிருந்து மேலே ஏறும் மண் ரோட்டில் எத்தனை இரும்புக் கேட் உண்டோ அத்தனைக்கும் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. கோடையில் ஓடை வற்றியதும் ஒவ்வொரு கேட்டாகத் திறந்து, தொட்டியை நிரப்பி, பூட்டிவிட்டு வருவேன். தொட்டிக்குப் பக்கத்தில் கூரை உயரத்துக்குக் கஞ்சாச் செடி நின்றாலும், "தக்காளி நல்லா வந்திருக்கே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்ப வேண்டும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த தக்காளியை எல்லாம் காய்ச்சினால் கலிபோர்னியா முழுவதற்கும் சாஸ் ஊற்றலாம்.

நான் மட்டும் இப்படி இல்லை. மலை முழுக்க இதுதான் வழக்கம். கல்யாணத்தில்கூட யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். முழுப் பெயர் கேட்பது மரியாதைக் குறைவு. பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று போலீஸ் கேட்டால், பக்கத்தில் வீடு இருப்பதே தெரியாது என்போம். எங்கள் ஊர் ரேடியோவில் திடீரென்று பாட்டை நிறுத்தி, "மேல் ரோட்டில் மாடு நிற்கிறது, பார்த்து வாருங்கள்" என்று அறிவிப்பார்கள். மலையில் ஒருவரிடமும் மாடு கிடையாது. போலீஸ் வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன என்று அர்த்தம். உடனே எல்லாரும் அடுப்பை அணைத்துவிட்டுக் காட்டுக்குள் ஓடுவோம். அவர்கள் வந்து செடிகளை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு, சொந்தக்காரர் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து குழியைக் கொத்தி மறு வருடம் விதை போடுவோம்.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று மாநிலம் ஓட்டுப் போட்ட வருடம், நாங்கள் ஆடிப் பாடிக் கொண்டாடுவோம் என்று நகரத்துக்காரர்கள் நினைத்தார்கள். எங்கள் மலையிலோ அடிதடி நடக்காத குறைதான். லூதர் தன் கேட்டில் பெரிய பலகையில் "வேண்டாம்" என்று எழுதி மாட்டினான். போலீஸ்தான் நமக்கு வேலி, வேலியை எடுத்தால் பணக்காரன் உள்ளே வருவான் என்பது அவன் கட்சி. எதிர் கேட்டில் மார்லிஸ் "வேண்டும்" என்று மாட்டினாள். ஹெலிகாப்டர் சத்தம் இல்லாமல் ஒரு நாள் படுத்துத் தூங்க வேண்டும் என்பது அவள் கட்சி. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எரிச்சல் என்னவென்றால், சட்டம் வந்ததும் இரண்டு பேரும் சொன்னது பலித்தது. ஹெலிகாப்டர் நின்றது. பணக்காரன் வந்தான்.

மார்லிஸ் வீட்டுக்குக் கீழே இருந்த சமவெளியை ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கி, வெள்ளைக் கூடாரங்களாக நிறைத்தது. உள்ளே மின்விசிறி, வாசலில் காவல்காரன். கொஞ்ச நாளில் தொல்லையை ஆரம்பித்தார்கள். வீட்டுத் தோட்டத்து ஆண் செடியிலிருந்து மகரந்தம் பறந்து வந்து எங்கள் கம்பெனிப் பூவில் விதை வைத்துக் கெடுக்கிறது, வீட்டில் வளர்ப்பதற்கு ஒரு முடிவு கட்டுங்கள் என்று மாவட்டத்தை ஆளும் கவுண்டி வாரியத்தில் போய் நின்றார்கள். வாரியம் ஒரு விதி போட்டது. இனி வீட்டுக்காரர்கள் திறந்த வெளியில் செடி வைக்கக் கூடாது. பூட்டிய அறைக்குள் விளக்கு போட்டு வளர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே அதே இடத்தில் விடாமல் வளர்த்து வருகிறவர்கள் தொடரலாம். அதற்குச் சாட்சி வேண்டும். போட்டோ இருந்தால் காட்டலாம். இல்லையென்றால் இரண்டு பேர் நேரில் வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டும், அதில் ஒருவராவது அதே ரோட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

முதலில் விசாரணைக்கு வந்தது மார்லிஸின் தோட்டம். கம்பெனிக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அதுதான். அவளுக்கு என்ன முடிவோ அதுதான் எங்கள் எல்லாருக்கும் என்று மலைக்கே தெரியும்.

மார்லிஸ் வளர்ப்பது ஆறே செடி. எல்லாம் அவள் தம்பி டெல்லுக்காக. டெல் மரம் வெட்டப் போனவன். ரெட்வுட் மரத்தின் கிளை ஒன்று முறிந்து முதுகில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை அவனை வேறு ஆளாக்கிவிட்டது. மாத்திரை கூடிப்போய் நினைவில்லாமல் கிடந்தவனை ஒரு தடவை என் தண்ணீர் லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். பிறகு மார்லிஸ் தன் செடியின் பூவை வெண்ணெயில் காய்ச்சி, ராத்திரிச் சாப்பாட்டு ரொட்டியில் துளி தடவிக் கொடுக்க ஆரம்பித்தாள். டெல் தூங்கினான். காலையில் எழுந்து முக்காலியில் உட்கார்ந்து விறகு பிளந்தான். கடையில் விற்கிற சரக்கையும் வாங்கிப் பார்த்தார்கள். அதைத் தின்றால் அவனுக்கு நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டியது. மார்லிஸின் செடி வேறு ஜாதி. அந்த விதை அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. தண்டு ஊதா நிறம், கசக்கினால் ஆரஞ்சுத் தோல் வாசனை. வெயிலையும் சாயங்கால மூடுபனியையும் குடித்து வளரும். விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள், பூஞ்சை பிடித்து அழுகிவிட்டது. வெளியே வைக்கக் கூடாது என்றால் அந்தச் செடி போச்சு. அது போனால் டெல் திரும்பவும் மாத்திரைக்குத்தான் போக வேண்டும். விசாரணைக்கு முதல் நாள் மார்லிஸ் என்னிடம் அதை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். "இன்னொரு தடவை அவனைத் தூக்கிட்டு ஓட என்கிட்ட தெம்பு இல்ல, வெர்லா."

விசாரணை ஊர் மண்டபத்தில் நடந்தது. மேடையில் வாரிய உறுப்பினர்கள் ஐந்து பேர். நடுவில் தலைவி வின்ஸ்லோ அம்மையார். முன் வரிசையில் சீருடை போட்ட போலீஸ்காரர்கள் இரண்டு பேர், பாதுகாப்புக்காம். பக்கவாட்டில் எங்கள் ரேடியோக்காரன் மைக்கோடு உட்கார்ந்து மலைக்கு நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தான். விசாரணை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. என் மடியில் பீன்ஸும் மிளகாயும் போட்ட மாட்டுக்கறிப் பானை சுடச்சுட இருந்தது.

மார்லிஸுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் லூதரும், ரோட்டு வளைவில் இருக்கும் ஃபெர்னும். பலகைச் சண்டையை மறந்து லூதர் வந்திருந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். சலவைச் சட்டை போட்டு, தாடியைக்கூட வாரியிருந்தான்.

லூதர் கையை உயர்த்திச் சத்தியம் செய்தான். சட்டம் வருவதற்கு முன் மார்லிஸ் வீட்டுத் தோட்டத்தில் கஞ்சாச் செடி வளர்ந்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்று தலைவி கேட்டார். பழைய விஷயத்துக்காக யார்மீதும் வழக்கு வராது என்றும் பொறுமையாகச் சொன்னார். லூதர் வாயைத் திறந்தான். அவன் கண் முன் வரிசைச் சீருடையில் போய் நின்றது.

"இல்லீங்க," என்றான். "நான் ஒண்ணும் பாக்கல."

சொன்னவனே திகைத்துப் போய் நின்றான். அதாவது, அதாவது என்று இரண்டு தடவை இழுத்தான். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. கம்பெனியின் வக்கீல், பிரெஸ்டன் என்று ஒரு சின்ன வயதுக்காரர், சொன்னது பதிவாகிவிட்டது என்று சிரித்த முகமாகச் சொல்லி அவனை உட்கார வைத்தார்.

பரவாயில்லை, ஃபெர்ன் இருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவள் காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தவள். எழுந்தாள், சத்தியம் செய்தாள், சீருடையைப் பார்த்தாள். "மார்லிஸா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்களே," என்றாள். மார்லிஸ் வீட்டு அடுக்களையில் சர்க்கரை டப்பா எங்கே என்று இருட்டில்கூடக் கை வைக்கிறவள் அவள். சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தாள்.

வின்ஸ்லோ அம்மையார் கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மார்லிஸையே கேட்டார். நீங்களே சொல்லுங்கள், இந்தச் செடிகளை எத்தனை காலமாக வளர்க்கிறீர்கள்?

மார்லிஸ் எழுந்தாள். ஒரு கை டெல்லின் தோளில் இருந்தது. அவளுடைய தோட்டம், அவள் தம்பி, அவள் கேட்டு வாங்கிய விசாரணை.

"என்ன செடி?" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பிறகு பார்த்தால் சிரித்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறந்தால் ஜெயில் என்று வருடக்கணக்காகப் பழக்கிவிட்டு, இப்போது மேடையில் உட்கார்ந்து வாயைத் திற என்றால் எப்படித் திறக்கும்? எங்கள்மேலும் கோபம், அவர்கள்மேலும் கோபம். மார்லிஸ் மட்டும் தான் என்ன சொன்னோம் என்று புரியாதவள்போல நின்றாள். டெல் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

சாட்சி இல்லை, விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்றார் வக்கீல். தலைவி மரச் சுத்தியலைக் கையில் எடுத்தார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் பாத்திருக்கேன்," என்றது ஒரு குரல்.

ஹாட்லி. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மலைக்கு வந்த ரெய்டு எல்லாம் அவர் தலைமையில்தான் வந்தது. இப்போது கீழ் ஊரில் தேனீ வளர்க்கிறார். அவர் கடைக்குள் நுழைந்தால் நாங்கள் கூடையை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். மார்லிஸுக்கோ அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. டெல்லின் முதுகு உடைந்த அந்த இலையுதிர் காலத்திலேயே அவள் செடிகளை வெட்டிக்கொண்டு போனவர் அவர்.

கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார். தொப்பியை எடுத்துவிட்டுச் சத்தியம் செய்தார். சீருடைக்காரர்களைப் பார்க்கவே இல்லை.

"மொத தடவை அங்க போனப்போ என் தலைமுடி கறுப்பு," என்றார். "மூணு தடவை என் கையாலயே வெட்டியிருக்கேன். மத்த வருஷமெல்லாம் ஹெலிகாப்டர்ல இருந்து பாத்தேன். அந்த ஓக் மரத்துக்குத் தெற்கால, எப்பவும் அதே இடம்தான். நான் வேலையை விடுற வரைக்கும் ஒரு வருஷம்கூட அது காலியா கிடந்ததில்ல."

அது இந்த அம்மாள் வளர்த்தது என்று எப்படித் தெரியும், சொந்தக்காரர் தெரியவில்லை என்றுதானே எழுதினீர்கள் என்று மடக்கினார் வக்கீல்.

"பேர் தெரியாது. முதுகு தெரியும். எங்க வண்டி வளைவுல திரும்பும்போதே காட்டுக்குள்ள ஓடுவாங்க. செவப்பு மழைக்கோட்டு. ஒளிய ஓடுற ஆள் யாராவது செவப்புக் கோட்டு போடுவாங்களா?"

"வேற கோட்டு இல்லையே என்கிட்ட!" என்று மார்லிஸ் கத்தினாள்.

மண்டபம் அதிர்ந்தது. இந்தத் தடவை நிஜமான சிரிப்பு. தலைவியும் குனிந்து சிரித்துவிட்டு, அதையும் பதிவு செய்யச் சொன்னார். பிறகு முகம் மாறியது. ஹாட்லி வேறு ஊர்க்காரர், அதோடு அவர் சொன்னது அவர் வேலையை விட்ட வருடம் வரைக்கும்தான். அதே ரோட்டில் குடியிருக்கும் ஒருவர் மீதியைச் சொல்லியாக வேண்டும். யாராவது இருக்கிறீர்களா என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரவர் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ரோட்டில் குடியிருக்கிறவள் நான். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவளும் நான். இருந்தும் எழுந்திருக்க முடியவில்லை. நான் எதையும் பார்க்க மாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் மலை முழுக்க எனக்குச் சாவி கொடுத்திருக்கிறது. கேட்டுக்குள் இருப்பதை இன்றைக்குச் சபையில் சொல்லிவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு அடுத்த கேட்டைத் திறப்பேன்? எங்களைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றிய ஒரே விஷயம் இந்த மௌனம்தான். அதை என் வாயால் உடைப்பது ஏதோ திருட்டுத்தனம் போல இருந்தது.

டெல் திரும்பி என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை, ஒன்றும் செய்யவில்லை. வலியில் படுத்த மாதிரியும் இல்லாமல் உட்கார்ந்த மாதிரியும் இல்லாமல் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தான். அவ்வளவுதான்.

பானையை லூதர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். இடுப்புச் சாவிகள் அத்தனையும் சத்தம் போட்டன. வக்கீல் பெயர் கேட்டார். வெர்லா என்றேன். முழுப் பெயர் என்றார். மலைக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாத பெயர் அது.

"வெர்லா ஸ்ட்ரௌட்," என்றேன். பின்னால் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சீருடையை நேராகப் பார்த்தேன். "பாத்தேன்."

சொன்ன பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. அணை உடைந்ததுபோலக் கொட்டினேன். "வருஷா வருஷம் பாத்தேன். சட்டத்துக்கு முன்னாடியும் பாத்தேன், பின்னாடியும் பாத்தேன், போன வாரமும் பாத்தேன். தண்ணி ஊத்துனதே நான்தான். தக்காளி இல்லீங்க, கஞ்சா. ஊதாத் தண்டு. கசக்குனா ஆரஞ்சு வாசம் வரும். அதைச் சாப்பிட்டுத்தான் இந்தப் பையன் தூங்குறான்."

இதை இத்தனை நாளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார் வக்கீல்.

"யாரும் நல்ல விதமா கேக்கலையே," என்றேன்.

நான் உட்காருவதற்குள் லூதர் பானையும் கையுமாக எழுந்துவிட்டான். முதலில் சொன்னது பொய், பழக்க தோஷம், தானும் பார்த்தது உண்மை என்று பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறிவித்தான். தன் முழுப் பெயரையும் சொன்னான். இத்தனை நாள் அவனுக்கு இவ்வளவு அழகான பெயர் இருந்திருக்கிறது. ஃபெர்ன் எழுந்து, மார்லிஸை நன்றாகத் தெரியும், அவளுடைய வெண்ணெய் டப்பாவையும் நன்றாகத் தெரியும் என்றாள்.

அப்போதுதான் எங்கள் ரேடியோக்காரன் அந்த வேலையைச் செய்தான். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, நிதானமாகச் சொன்னான். "மேல் ரோட்டுல இன்னைக்கு மாடு இல்ல. திரும்பவும் சொல்றேன், மாடு இல்ல. எல்லாரும் எறங்கி வாங்க."

வந்தார்கள். பிக்கப் வண்டிகள் மலையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கின. பாலம் வரைக்கும் நிறுத்த இடமில்லை. மாவு ஒட்டிய ஏப்ரனோடு ஒருத்தி, ரம்பத் தூள் தாடியோடு ஒருவன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி. ஒவ்வொருவராக மைக் முன் நின்று முழுப் பெயரைச் சொல்லி, "பாத்தேன்" என்றார்கள். மார்லிஸ் தோட்டத்தில் பார்த்தேன், லூதர் தோட்டத்தில் பார்த்தேன், என் தோட்டத்தில் நானே பார்த்தேன். இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்களின் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். இரண்டு சாட்சி போதும், போதும் என்று தலைவி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். யார் கேட்டார்கள்? வரிசை வாசலைத் தாண்டி நீண்டது.

மேடையில் ஐந்து கையும் உயர்ந்தன. மார்லிஸின் தோட்டம் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அன்றைக்குச் சொல்லப்பட்ட சாட்சியம் அந்த ரோட்டில் உள்ள எல்லா வீட்டுத் தோட்டத்துக்கும் செல்லும் என்று தலைவி தாமாகவே சேர்த்துக்கொண்டார். வக்கீல் பையை மூடினார். சீருடைக்காரர்களில் ஒருவர் கை தட்டிவிட்டு, மற்றவர் முறைத்ததும் நிறுத்தினார். டெல் நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்து நின்றான்.

வெளியே மேஜை போட்டுச் சாப்பாடு நடந்தது. என் பானை காலியாகிக்கொண்டிருந்தது. ஹாட்லி மட்டும் தன் தேன் வண்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை. மார்லிஸ் ஒரு கிண்ணத்தில் கறியும் மேலே சோள ரொட்டித் துண்டும் வைத்து எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள். சண்டை போடத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கவும்தான்.

கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள்.

"மூணு தடவை வெட்டினேன்னு பெருமையா சொன்னியே," என்றாள். "ப்ளாக்பெர்ரி புதருக்குப் பின்னாடி இன்னொரு வரிசை இருந்துச்சு. விதைக்குன்னு வச்சது. அதை மட்டும் வெட்டியிருந்தா அந்தச் செடியே இன்னைக்கு இல்ல. ஒரு தடவைகூட உன் கண்ணுல அது படல."

ஹாட்லி கரண்டியை ஊதி ஒரு வாய் சாப்பிட்டார்.

"பாத்தேன், மார்லிஸ்," என்றார். "மூணு தடவையும்."

மார்லிஸ் அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், பானையின் அடியில் இருந்ததை வழித்து, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு வந்தாள்.